ஏவி.எம். செட்டியார் எடுத்ததும் எறிந்ததும்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். ஷா ஆலாமில் எடிட்டிங் வேலை பார்க்கிறீர்கள். தாய்மாமன் கொஞ்சம் பணம் போடத் தயாராக இருக்கிறார். "தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர்தானே? ஏவி.எம். மாதிரி ஆட்கள் அதற்கு மேல் என்ன செய்தார்கள்? கோலாலம்பூரில் இருந்துகொண்டு அப்படி ஒருவர் ஆக முடியுமா?" இதுதான் கேள்வி.

நான் தயாரிப்பாளர் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவன். டிவி நாடகங்கள், டெலிமூவிகள், தியேட்டருக்குப் போன மூன்று படங்கள். பணம் போட்ட ஆட்களின் பக்கத்திலேயே நின்று, அவர்கள் முகம் எப்போது மாறும் என்று பார்த்துப் பழகியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பணம் போடுகிறவர் ஃபைனான்ஸியர். எடுத்து முடித்த ஒன்றைப் பார்த்து, "இது சரியில்லை, தூக்கிப் போடு, மறுபடி எடு" என்று சொல்லிவிட்டு அந்தச் செலவையும் தானே ஏற்கிறவர்தான் தயாரிப்பாளர். ஏவி.எம். என்ற மெய்யப்பச் செட்டியாரின் வாழ்க்கையைப் படித்தால் திரும்பத் திரும்ப இதுதான் கண்ணில் படும்.

அவர் கதைக்குப் போவதற்கு முன் ஒரு வேடிக்கை. இன்றைக்கும் சென்னையில் ஒரு படத்தின் வெளிநாட்டு உரிமையைப் பேசும்போது நம் பகுதியை "எஃப்.எம்.எஸ்." என்றுதான் சொல்வார்கள். ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்து பிரிட்டிஷ்காரன் காலத்தில் இருந்த அமைப்பு. போர் முடிந்த கையோடு 1946இல் அது போய்விட்டது. பினாங்கும் சிங்கப்பூரும் அதில் இருந்ததே இல்லை. ஆனாலும் சினிமா வியாபாரத்தில் மட்டும் அந்தப் பெயர் சாகவில்லை. தமிழ்ப் படத்தின் கணக்குப் புத்தகத்தில் நமக்கு எவ்வளவு காலமாக ஒரு பக்கம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, செட்டியாருக்கு வருவோம். 1907 ஜூலை 28இல் காரைக்குடியில் பிறந்தவர். அப்பா ஆவிச்சி செட்டியார் ஊரில் ஏ.வி. அண்ட் சன்ஸ் என்று கடை வைத்திருந்தார். நம் லெபோ அம்பாங்கிலும் பினாங்கு ஸ்ட்ரீட்டிலும் கிட்டங்கி என்ற வட்டிக்கடை போட்டு, தரையில் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுதினார்களே, அதே சமூகம். ஆனால் இவர் கடல் கடந்து வட்டித்தொழில் செய்யப் போனவர் அல்ல. கடையில் விற்ற சாமான்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர். அந்தச் சாமான் கிராமபோன் ரிக்கார்டு.

கடையில் ரிக்கார்டு விற்றவர், 1930களின் தொடக்கத்தில் சென்னைக்குப் போய்க் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ரிக்கார்டுகளைத் தாங்களே தயாரிக்கவும் ஆரம்பித்தார். இந்த இடத்தைப் பலர் ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அவருடைய பள்ளிக்கூடமே இதுதான் என்று தோன்றுகிறது. அந்தக் காலத்து ரிக்கார்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். கேட்கிறவனுக்குப் பாடுகிறவர் முகம் தெரியாது. சேலை, நகை, செட்டு எதுவும் உதவிக்கு வராது. குரல் நன்றாக இருந்தால் விற்கும், இல்லாவிட்டால் கடையில் தூங்கும். தூங்குகிற ரிக்கார்டைத் தினமும் தூசி தட்டிப் பார்க்கிற வியாபாரிக்குக் காது தானாகவே கூர்மையாகிவிடும்.

படம் எடுக்க வந்தபோது அந்தக் காது உடனே கைகொடுத்ததா என்றால் இல்லை. 1935இல் கல்கத்தாவுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அல்லி அர்ஜுனா எடுத்தார். தோல்வி. அதே வருடம் ரத்னாவளி. அதுவும் கைகொடுக்கவில்லை. இரண்டு படம் விழுந்த பிறகும் வேறு தொழிலுக்குப் போகாமல், பெங்களூரில் தியேட்டர் வைத்திருந்த ஜெயந்திலாலோடு சேர்ந்து பிரகதி என்ற பெயரில் மறுபடி தொடங்கினார். தியேட்டர்க்காரரைக் கூட்டாளியாகப் பிடித்ததைக் கவனியுங்கள். என்ன படம் ஓடுகிறது, எந்த இடத்தில் ஜனங்கள் எழுந்து வெளியே போகிறார்கள் என்பது தியேட்டர் வாசலில் நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

1938இல் வந்த நந்தகுமார் படத்தில் ஒரு விஷயம் நடந்தது. அப்போதெல்லாம் நடிக்கிறவர்தான் பாட வேண்டும். பாடத் தெரிந்தவருக்கு முகம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை என்ற காலம். நந்தகுமாரில் நடித்தவர் ஒருவர், அவருக்காகப் பாடியவர் லலிதா வெங்கட்ராமன் என்ற வேறொருவர். தமிழ் சினிமாவில் பின்னணிப் பாட்டு அங்கேதான் தொடங்கியது என்பார்கள். சோழவந்தானிலிருந்து வந்த டி.ஆர். மகாலிங்கம் பையனாக அறிமுகமானதும் அதே படத்தில்தான்.

அப்புறம் தெலுங்கில் பூகைலாஸ் 1940இல், பம்மல் சம்பந்த முதலியார் நாடகத்திலிருந்து சபாபதி 1941இல். இரண்டும் ஓடின. பூகைலாஸ் எடுத்த விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்: தெலுங்குப் படம், டைரக்டர் கொங்கணி பேசுகிற சுந்தர்ராவ் நட்கர்ணி, நடிகர்கள் பலர் கன்னடம், பணம் போட்டவர் காரைக்குடி. நம் ஊர் மாமாக் சாப்பாட்டுக் கடை மேஜை மாதிரி ஆளுக்கொரு பாஷை. ஆனால் கல்லாவில் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடம். 1945இல் ஸ்ரீவள்ளி. மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. பின்னாளில் பெரிய நடிகையான லட்சுமியின் அம்மாதான் இந்த ருக்மிணி. படம் முடிந்தது. போட்டுப் பார்த்தார்கள். ருக்மிணியின் முகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மகாலிங்கம் உச்சத்தில் போய் நின்று பாடும்போது பக்கத்தில் ருக்மிணியின் குரல் எடுபடவில்லை. பாட்டை வெட்டிவிடலாம், ஜனங்கள் மகாலிங்கத்துக்காக வருவார்கள் என்று விட்டுவிடலாம், பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான் செய்திருப்பார்கள். செட்டியார் பி.ஏ. பெரியநாயகியை வரவழைத்தார். ஏற்கெனவே படத்தில் ஓடுகிற ருக்மிணியின் உதட்டசைவைப் பார்த்துப் பார்த்துப் பெரியநாயகி பாட, பழைய ஒலியை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினார்கள்.

நீங்கள் எடிட்டர், இதன் கஷ்டம் உங்களுக்குப் புரியும். இன்றைக்கு நீங்கள் டைம்லைனில் ஒரு டிராக்கை அணைத்துவிட்டு இன்னொன்றை இழுத்து வைக்கிறீர்கள். அலை வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது. அன்றைக்கு ஒலியும் பிலிமில்தான் பதிவாகும். வாயும் குரலும் ஒரு கட்டம் விலகினால் மறுபடி முதலிலிருந்து. இதற்கு ஒரு வருடம் முன்புதான் அவருக்கு ஒரு பயிற்சி கிடைத்திருந்தது. கன்னடத்தில் எடுத்த ஹரிச்சந்திராவை 1944இல் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். தமிழில் முதல் டப்பிங் படம் அதுதான். கன்னட வாய்க்குத் தமிழ் பேச வைத்தவருக்கு, தமிழ் வாய்க்கு வேறு தமிழ்க் குரல் வைப்பது பயமாக இருந்திருக்காது. ஒரு வேலையில் கற்றது அடுத்த வேலையில் எப்படி வந்து நிற்கிறது பாருங்கள்.

அதே 1945 அக்டோபர் 14இல் ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸ் பிறந்தது. போர்க்காலக் கட்டுப்பாட்டில் சென்னையில் ஸ்டூடியோவுக்கு மின்சாரம் வாங்குவதே பெரும்பாடு. ஜப்பான்காரன் குண்டுபோட வருகிறான் என்று 1942இல் பாதிச் சென்னை காலியானது எல்லோருக்கும் தெரிந்த கதை. நம் பினாங்கில் நிஜமாகவே குண்டு விழுந்தது, அதற்கப்புறம் மூன்றரை வருடம் இங்கே புதிய தமிழ்ப் படமும் இல்லை, வயிறாரச் சோறும் இல்லை. செட்டியார் என்ன செய்தார் என்றால், ஸ்டூடியோவையே தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார். காரைக்குடிக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு, கீற்று வேய்ந்து, அங்கேயே நடிகர்களைத் தங்கவைத்துப் படம் எடுத்தார்.

அந்தக் கொட்டகையில் எடுத்ததுதான் நாம் இருவர். 1947 பொங்கலுக்கு வந்தது. சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்னால், விடுதலை வந்துவிட்டதாகப் பாரதி முன்கூட்டியே பாடிய பள்ளுப்பாட்டை டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, தியேட்டரே கிறுகிறுத்துப் போயிருக்கும். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

பாரதி விஷயத்தில் அவரை வள்ளல் என்று மட்டும் எழுதுகிறவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். பாரதி பாடல்களைப் படத்திலும் ரிக்கார்டிலும் பயன்படுத்தும் உரிமையைச் செட்டியார் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் பில்ஹணன் படத்தில் ஒரு பாரதி பாட்டைப் போட்டதும் வழக்குத் தொடுத்தார். பாரதி யாருடைய சொத்து என்று ஊரே கொதித்தது. ஓமந்தூராரின் சென்னை மாகாண அரசு 1949இல் உரிமையை வாங்கிப் பொதுவாக்கியபோது, தன் பங்குக்குக் காசு வேண்டாம் என்று கொடுத்துவிட்டார். முதலில் வழக்கு, பிறகு தானம். இரண்டும் ஒரே ஆள்தான். வியாபாரிக்கு எதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தெரிந்திருந்தது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். வேறு மாதிரியும் சொல்லலாம், சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1948இல் கோடம்பாக்கத்துக்கு வந்துவிட்டார். அடுத்த வருடம் வாழ்க்கை. வைஜெயந்திமாலாவின் முதல் படம். அதையே தெலுங்கில் ஜீவிதம், இந்தியில் பஹார் என்று மறுபடி எடுத்தார். கதைக்கு ஒருமுறைதான் மூளையைக் கசக்க வேண்டும். எந்தக் காட்சிக்குச் சிரித்தார்கள், எதற்கு நெளிந்தார்கள் என்று முதல் மொழியிலேயே தெரிந்துவிடும். அடுத்த மொழியில் நெளிந்த இடத்தைக் கத்தரித்துவிடலாம். ஒரே காசு மூன்று ஊரில் வட்டி சம்பாதிப்பதைச் செட்டிநாட்டுக்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எடுத்ததைத் தூக்கிப் போடுகிற தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதி இங்கிருந்துதான் வந்தது. விழுந்தாலும் பிடித்துக்கொள்ள வேறு மொழி இருந்தது.

இனி பராசக்தி. இதில் செட்டியார் தோற்ற கதை இருப்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம். வேலூர் பி.ஏ. பெருமாள் முதலியாரின் நேஷனல் பிக்சர்ஸும் ஏவி.எம்.மும் சேர்ந்து எடுத்தது. கருணாநிதி வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். புதுமுகமாக வந்த கணேசன் அப்போது ஒல்லியாக இருந்தார். ஆயிரக்கணக்கான அடி எடுத்த பிறகு செட்டியாருக்குத் திருப்தியில்லை. மாற்றிவிடலாம், வேறு ஆளைப் போடலாம் என்றார். வழக்கமான அவர் பாணி. ஆனால் பெருமாள் முதலியார் மசியவில்லை. இந்தப் பையன்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். பையனை நன்றாகச் சாப்பிடவைத்து, உடம்பு தேறியதும் சில காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். 1952 தீபாவளிக்கு, அக்டோபர் 17இல், படம் வந்தது. மீதியை நான் சொல்லத் தேவையில்லை.

ஆக, ஒரே படத்தில் இரண்டு தயாரிப்பாளர். ஒருவர் எறியச் சொன்னார், ஒருவர் எறியாதே என்றார். இரண்டாமவர் சொன்னது சரியாக இருந்தது. சிவாஜி கடைசிவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூருக்குச் சீர் கொண்டுபோய் அந்தக் குடும்பத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தார். முதல் ஷாட்டில் அவர் "சக்ஸஸ்" என்று வசனம் பேசிய இடத்தில் பிற்காலத்தில் ஏவி.எம். ஸ்டூடியோவிலேயே நினைவுச்சின்னம் வைத்தார்கள். மாற்றச் சொன்னவரின் வளாகத்தில்!

ரங்கூனுக்குப் பிழைக்கப்போன தமிழ்க் குடும்பம், போரில் சிதறுவது, ஊர் திரும்பினால் ஊரே ஏமாற்றுவது என்று போகிற கதை அது. இங்கே ரப்பர் தோட்ட லயத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் படம் ஏன் அவ்வளவு நெருக்கமாக இருந்தது என்று நான் விளக்க வேண்டுமா? என் அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து நீதிமன்ற வசனத்தை மரம் சீவும்போது சொல்லிக்கொண்டிருப்பாராம். கங்காணி திட்டியிருக்கிறார்.

அந்த நாள், 1954. பாட்டே இல்லை. சண்டை இல்லை. வீணை எஸ். பாலசந்தர் டைரக்‌ஷன். 1943 அக்டோபர் 11இல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட இரவில் தொடங்கும். சிவாஜி கதாநாயகன், ஆனால் எதிரிக்கு ரகசியம் விற்கிறவன், சுட்டுக் கொல்லப்பட்டவன். கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த விஸ்வநாதனை வைத்து முதலில் கணிசமாக எடுத்துவிட்டு, பிடிக்காமல், சிவாஜியைப் போட்டு மறுபடி எடுத்தார்கள். இரண்டு வருடம் முன்னால் மாற்றச் சொன்ன அதே சிவாஜி! தான் நினைத்தது தப்பு என்று வாயால் சொல்லாமல் செக்கெழுதிச் சொல்வது இதுதான். படம் அப்போது சரியாக ஓடவில்லை. பாட்டு எங்கே என்று ஜனங்கள் கோபப்பட்டார்கள். இன்றைக்குப் போட்டுப் பாருங்கள், ஓர் இடத்தில்கூடத் தொய்யாது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் நீங்களே தேடிப் படிக்கக்கூடியவை. இந்தியில் ராஜ்கபூர்-நர்கீஸ் நடித்த சோரி சோரி 1956. களத்தூர் கண்ணம்மா 1960. அதில் டி. பிரகாஷ்ராவ் பாதியில் விலகி ஏ. பீம்சிங் முடித்தார், கமல்ஹாசன் என்ற சிறுவனுக்குக் குடியரசுத் தலைவர் பதக்கம் கிடைத்தது. எம்.ஜி.ஆர். ஏவி.எம்.முக்கு நடித்த ஒரே படம் அன்பே வா, 1966, கலரில். 1968இல் உயர்ந்த மனிதன். அதில் பாடியதற்காகப் பி. சுசீலாவுக்குத் தேசிய விருது. செட்டியார் 1979 ஆகஸ்ட் 12இல் காலமானார். பிள்ளைகள் அடுத்த வருடமே ரஜினியை வைத்து முரட்டுக்காளை எடுத்து நிறுவனத்தை நிமிர்த்தினார்கள்.

இனி உங்கள் கேள்வியின் பின்பாதி. கோலாலம்பூரில் முடியுமா?

தமிழன் ஒருவன் இங்கே சினிமாவில் பெரிய ஆளாக முடியுமா என்றால், ஏற்கெனவே ஆகியிருக்கிறார்கள். எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து சின்ன வயதில் பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் 1950இல் பக்தி என்ற மலாய்ப் படத்தை இயக்கி, பின்னாளில் மலாய் சினிமாவின் பெரிய நட்சத்திரமான பினாங்குப் பையன் பி. ரம்லியைக் கதாநாயகன் ஆக்கினார். பிறகு கேத்தே-கெரிஸ் ஸ்டூடியோ. பிறகு இங்கே உலு கிள்ளானில் மெர்டேக்கா ஸ்டூடியோவை நடத்தினார். அந்த இடத்தில்தான் பிற்பாடு பினாஸ் என்ற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் அலுவலகம் வந்தது. நீங்கள் லைசென்ஸ் விண்ணப்பத்தோடு போய் நிற்கப்போவது அந்தப் பினாஸிடம்தான். போகும்போது அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் எடுத்தது மலாய்ப் படங்கள், மார்க்கெட் மலாய் மார்க்கெட்.

தமிழில் எடுத்தால் கணக்கு வேறு. இந்த நாட்டில் இந்தியர்கள் சுமார் இருபது லட்சம் பேர். எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள் இல்லை, பேசுகிற எல்லோரும் தியேட்டருக்கு வருகிறவர்கள் இல்லை. சும்மா ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். முப்பதாயிரம் பேர் பார்த்தால் இங்கே நல்ல ஓட்டம். டிக்கெட் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) என்றால் நாலரை லட்சம். அதில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்கு. விநியோகம், போஸ்டர், விளம்பரம் போனால் கையில் ஒன்றரை லட்சம் நின்றால் பெரிது. அதற்குள் ஒரு படத்தை எடுக்க வேண்டும். எடுக்கிறார்கள். அதே வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு பெரிய படம் இறங்கினால் நம் படத்துக்குக் காலை 11 மணி ஷோவும் இரவு 12 மணி ஷோவும் மிஞ்சும். உள்ளூர்ப் படத்தைக் கட்டாயம் திரையிட வேண்டும் என்று வாஜிப் தாயாங் திட்டம் இருப்பதால்தான் அதுவாவது.

மனசு விட்டுப்போக வேண்டாம். ஜகாட் 2015 டிசம்பரில் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்ட குடும்பத்துப் பையன் கதை. அடுத்த வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் அதை மலாய் அல்லாத படம் என்று தனி வரிசையில் வைத்தார்கள். மலாய்க் கலைஞர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டு, கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதையே அதற்குக் கொடுத்தார்கள். மரியாதை கிடைக்கும், தம்பி. மரியாதையை வைத்து ஜெனரேட்டர் வாடகை கட்ட முடியாது என்பதுதான் பிரச்சினை.

இங்கே தயாரிப்பாளருக்கு இல்லாதது பணம்கூட அல்ல. எடுத்ததைத் தூக்கிப் போடுகிற வசதி இல்லை. செட்டியாருக்குச் சொந்த ஸ்டூடியோ இருந்தது, மாதச் சம்பளத்தில் ஆட்கள் இருந்தார்கள், செட்டு அங்கேயே நின்றது. மறுபடி எடுத்தால் பிலிமும் சில நாளும்தான் செலவு. நமக்கோ கேமரா வாடகை, வேன் வாடகை, நடிகர் வேறு வேலையில் லீவு போட்டு வந்தவர், லொக்கேஷன் யாரோ தெரிந்தவர் வீடு. ஒரு நாளைத் திரும்ப எடுப்பது என்றால் அத்தனையையும் மறுபடி கூட்ட வேண்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். படத்தின் பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். பத்து ஆராங் பக்கம் ஒரு பழைய தோட்ட வீட்டில் இரண்டு நாள் ஷூட்டிங். தாய்க்கும் மகனுக்கும் நடுவில் பெரிய காட்சி, படமே அதை நம்பித்தான் நிற்கிறது. அந்த வீட்டில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரைத் தூரத்தில் வைக்க வேண்டும் என்று சவுண்டு பையன் சொன்னான். கேபிள் நீளம் போதவில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, மேலே பலகையைச் சாய்த்தோம். ஹெட்போனில் கேட்டபோது பரவாயில்லை என்றுதான் தோன்றியது. அம்மாவாக நடித்தவர் ரவாங்கில் தையல் கடை வைத்திருப்பவர், முதல்முறை கேமரா முன்னால் வருகிறார். மூன்றாவது டேக்கில் அவர் அழுத அழுகையில் மேக்கப் பெண்ணும் சேர்ந்து அழுதாள். எல்லோரும் கைதட்டினோம்.

எடிட்டிங் அறையில் உட்கார்ந்து கேட்டால், அழுகைக்குக் கீழே "டுகுடுகுடுகு" என்று ஒரே சீராக ஓடுகிறது. குறைத்தால் அழுகையும் தட்டையாகிறது. டைரக்டர் திரும்ப எடுக்கலாம் என்றார். டப்பிங் பேசவைத்துப் பார்த்தோம், கண்ணாடி அறைக்குள் நின்று அந்த அம்மாவுக்கு அழுகை வரவில்லை. என்னிடம் கணக்குக் கேட்டார்கள். இரண்டு நாளுக்குப் பதினோராயிரம் வெள்ளி என்று எழுதிக் கொடுத்தேன். தயாரிப்பாளர் நல்ல மனிதர், வீட்டைப் பேங்கில் வைத்துப் படம் எடுத்தவர். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மேலே மியூசிக் போட்டு மூடிடலாம்" என்றார். அவர் நிலையில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான ஒன்று: மாமா கொடுக்கிற பணத்தில் இரண்டு நாள் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். டைரக்டரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் முதல் வாரத்திலேயே ட்ரோன் ஷாட்டுக்குப் போய்விடும். முழுப் படத்தையும் கோர்த்து, தெரியாதவர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சொந்தக்காரர் வேண்டாம், அவர்கள் சாப்பாட்டைத்தான் பாராட்டுவார்கள். அந்தப் பத்துப் பேர் எங்கே நெளிகிறார்களோ, அந்த இடத்துக்கு அந்த இரண்டு நாள். முடிந்தால் கேமராவுக்குப் பேரம் பேசுங்கள், ஒலிக்குப் பேசாதீர்கள். ரிக்கார்டு வியாபாரியின் காதைப் பற்றி மேலே இவ்வளவு எழுதியது அதற்காகவும்தான்.

அந்தப் படம் வெளியான முதல் நாள் மத்தியான ஷோ. நானும் தயாரிப்பாளரும் கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் இருந்தோம். நாற்பது பேர் இருப்பார்கள். காட்சி வந்தது. அம்மா அழத் தொடங்கினார், நாங்கள் போட்ட புல்லாங்குழல் மெதுவாக ஏறியது, அதற்கும் மேலே அந்தச் சத்தம். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன் கத்தினான்: "டேய், அந்த மிஷின அடைங்கடா, அம்மா பேசுறது கேக்கல!" எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் யாரும் அழவில்லை.

தயாரிப்பாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இருட்டில் என் பக்கம் சாய்ந்து, "அந்த ரெண்டு நாளுக்கு எவ்வளவுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.